வெட்டினாலும் குறையாத நிலம்

(குன்னூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் சிறு தேயிலை விவசாயிகளும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு பாகப்பிரிவினையிலிருந்து தொடங்குகிறேன். கோத்தகிரிப் பக்கமானாலும் குந்தாப் பக்கமானாலும் இந்த மலையில் அடிக்கடி எழும் வழக்கு இது. அப்பா விட்டுப்போன தேயிலைத் தோட்டம் ஒன்று. நாலு பக்கம், நாலும் நாலு நீளம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் பக்கத்து எஸ்டேட்டின் வேலி, ஒரு பக்கம் சோலை, நாலாவது பக்கம் பங்காளியின் நிலம். ரோடு வந்து தொடுவது ஒரே ஒரு மூலையில். பிள்ளைகள் இரண்டு பேர். பறித்த பச்சைத் தேயிலையை மூட்டை கட்டி வண்டியில் ஏற்ற இருவருக்கும் அந்த மூலை வேண்டும். அந்த மூலையிலிருந்தே ஒரு நேர்கோடு போக வேண்டும். கோட்டின் இரு பக்கமும் நிலம் சரிபாதியாக இருக்க வேண்டும். கோடு எங்கே போகும்?

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் கண்மதிப்பாக ஒரு கோடு போடுவார், மற்றவர் ஒத்துக்கொள்ள மாட்டார். சர்வேயர் வந்து அளந்து, பெருக்கி, கூட்டி, ஒரு எண்ணைச் சொல்வார். அந்த எண் எப்படி வந்தது என்று இருவருக்குமே தெரியாது. இன்று நான் காட்டப்போகும் வழியில் பெருக்கல் கிடையாது. கயிறும் நாலு முளைக்குச்சியும் போதும்.

உங்கள் கையில் உள்ள முதல் தாளைப் பாருங்கள். அதில் ஒரு நாற்கோணம் வரைந்திருக்கிறது. ரோடு தொடும் மூலை அ. அங்கிருந்து சுற்றி வந்தால் ஆ, இ, ஈ. அ-வுக்கு நேர் எதிர் மூலை இ. முதலில் ஆ-வையும் ஈ-யையும் ஒரு கயிற்றால் இணையுங்கள். அந்தக் கயிற்றை இரண்டாக மடித்து நடுப்புள்ளியைக் குறியுங்கள்; அது ந. இப்போது அ-விலிருந்து ந-வுக்கும், ந-விலிருந்து இ-க்கும் கோடு போடுங்கள். பங்கு முடிந்துவிட்டது. ஏன் என்று பார்ப்போம். கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு முக்கோணம், அந்தப் பக்கம் ஒரு முக்கோணம். முக்கோணத்தின் முனையிலிருந்து அடிப்பக்கத்தின் நடுவுக்குக் கோடு போட்டால் இரண்டு துண்டுக்கும் அடி ஒன்று, உயரம் ஒன்று. எனவே பரப்பும் ஒன்று. இரண்டு முக்கோணமும் இப்படிப் பாதியானால் முழு நிலமும் பாதி.

ஆனால் இந்த வரப்பு நடுவில் மடங்குகிறது. மடங்கிய வரப்பை யாரும் விரும்ப மாட்டார்கள். நாளைக்கு அங்கேதான் சண்டை வரும். அதை நிமிர்த்துவோம். அ-வையும் இ-யையும் இணைக்கும் கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ந வழியாக அதற்கு இணையாக ஒரு கோடு இழுங்கள். இ மூலையில் வந்து சேரும் ஓரத்தை அது எங்கே தொடுகிறதோ அங்கே க என்று குறியுங்கள். இனி அ-விலிருந்து க-வுக்கு ஒரே நேர்கோடு. அ-இ-ந என்ற முக்கோணத்தை எடுத்துவிட்டு அ-இ-க என்ற முக்கோணத்தைக் கொடுக்கிறோம். அடிப்பக்கம் இரண்டுக்கும் அ-இ. இணைகோட்டின்மேல் நகர்ந்ததால் உயரமும் மாறவில்லை. கொடுத்ததும் எடுத்ததும் ஒரே அளவு. அண்ணனுக்கும் தம்பிக்கும் ரோட்டு மூலை கிடைத்துவிட்டது, நேர் வரப்பும் கிடைத்துவிட்டது. உள்நோக்கிக் குழி விழாத எந்த நாற்கோணத்துக்கும் இது பொருந்தும்.

இதில் நான் செய்தது ஒரே காரியம். ஒரு வடிவத்தை வெட்டினேன், துண்டை நகர்த்தினேன், பரப்பு மாறவில்லை என்று காட்டினேன். வெட்டி ஒட்டும் புதிர்களை விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பரப்பு என்றால் என்ன என்ற கேள்விக்கு நமக்குத் தெரிந்த மிக நேர்மையான பதில் அந்தப் புதிர்களில்தான் இருக்கிறது. இரண்டு நிலம் சம அளவு என்றால், ஒன்றை வெட்டி மற்றொன்றின்மேல் சந்து இல்லாமல், மேலே ஏறாமல் பரப்ப முடியும் என்பதே அதன் பொருள். நீளம் பெருக்கல் அகலம் என்ற வாய்பாடு அதற்குப் பிறகு வந்த சுருக்கெழுத்து.

நம் புலப்படங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. 1923ஆம் ஆண்டுச் சர்வே மற்றும் எல்லைகள் சட்டத்தின்கீழ் நட்ட கற்களை வைத்துப் பாருங்கள். கல்லுக்குக் கல் நேர்கோடு. நடுவே ஜி லைன் என்று சர்வேயர் சொல்லும் கோடு. அதிலிருந்து வளைவு நெளிவுகளுக்குக் குத்துக்கோடுகள். எந்த ஒழுங்கற்ற நிலமும் முக்கோணங்களாகவும் பட்டைகளாகவும் வெட்டுப்பட்டுக் கூட்டப்படுகிறது. நாம் வாய்க்கு வாய் சொல்லும் சென்ட் கூட நிலம் அளக்கும் சங்கிலியில் பிறந்ததுதான். இங்கிலாந்தில் எட்மண்ட் கன்ட்டர் 1620இல் விவரித்த சங்கிலிக்கு 66 அடி நீளம், 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். அதாவது ஒரு லட்சம் சதுரக் கண்ணி. அதில் நூறில் ஒரு பங்கு, ஆயிரம் சதுரக் கண்ணி, ஒரு சென்ட். அடியில் சொன்னால் 435.6 சதுர அடி என்று ஒழுங்கில்லாமல் வரும். கண்ணியில் சொன்னால் முழு ஆயிரம்.

இங்கே மலைக்காரர்களுக்கு மட்டும் உரிய ஒரு சந்தேகம் எழ வேண்டும். எழுந்தால் மகிழ்வேன். நம் நிலம் தாளைப் போலத் தட்டையாகக் கிடக்கவில்லையே, சாய்ந்து கிடக்கிறதே! புலப்படத்தில் எழுதியிருப்பது சரிவின்மேல் அளந்த பரப்பு இல்லை. சங்கிலியைச் சரிவோடு படுக்கவிடாமல், கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, படிப்படியாக அளப்பது வழக்கம். நிலத்தை மேலிருந்து சூரியன் உச்சியில் நிற்கும்போது பார்த்தால் தெரியும் நிழலின் அளவு அது. சரிவு 30 பாகையாக இருந்தால் பட்டாவில் ஓர் ஏக்கர் என்றிருக்கும் இடத்தில் மண்ணின் மேற்பரப்பு ஏறத்தாழ 1.15 ஏக்கர். கவாத்து வெட்டும் ஆளும் உரம் போடும் ஆளும் நடப்பது இந்தக் கூடுதல் 15 சென்ட்டையும் சேர்த்துத்தான்.

அப்படியானால் தாளில் நாம் செய்த பாகப்பிரிவினை தோட்டத்தில் செல்லுமா? இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிலம் முழுவதும் ஒரே சரிவாக இருந்தால் செல்லும். ஒரே சாய்வுள்ள தளத்தில் எல்லாப் பரப்பும் ஒரே விகிதத்தில் பெருகும். நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவே இருக்கும். இணைகோடு இணைகோடாகவே இருக்கும். அண்ணனின் பாதியும் தம்பியின் பாதியும் சேர்ந்தே கூடும். ஆனால் மேல் பாதி செங்குத்தாகவும் கீழ்ப் பாதி ஓடைக்கரைச் சமவெளியாகவும் இருந்தால், பட்டாவில் சமமாக இருப்பது மண்ணில் சமமாக இருக்காது. அப்போது சரிவு மாறும் இடத்தில் நிலத்தை முதலில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பாதியாக்க வேண்டும். வெட்டத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை.

இப்போது நம் நாட்டில் இந்தக் கலை எவ்வளவு பழையது என்று சொல்கிறேன். சுல்ப சூத்திரங்கள் என்று வேள்வி மேடை கட்டுவதற்கான நூல்கள் உண்டு. போதாயனர், ஆபஸ்தம்பர், காத்தியாயனர் பெயரில் உள்ளவை. போதாயனருடையது கி.மு. 800க்கும் 500க்கும் இடையில் எழுந்தது என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சுல்பம் என்றால் அளக்கும் கயிறு. அங்கே நிபந்தனை கண்டிப்பானது. மேடை பருந்து வடிவில் இருக்கலாம், சக்கர வடிவில் இருக்கலாம், வேறு வடிவிலும் இருக்கலாம். பரப்பு மட்டும் ஏழரைச் சதுர புருஷம்தான், புருஷம் என்பது கை உயர்த்தி நிற்கும் ஆளின் உயரம். பருந்து மேடைக்கு ஐந்து அடுக்கு, அடுக்குக்கு 200 செங்கல். சதுரச் செங்கல், அதை மூலைவிட்டத்தில் வெட்டிய அரைச் செங்கல், கால் செங்கல் என்று இறக்கையும் வாலும் அடுக்கியிருக்கிறார்கள். வடிவம் மாறலாம், அளவு மாறக்கூடாது என்ற கட்டளையைச் செங்கல் சூளையில் நின்று நிறைவேற்றியவர்கள் அவர்கள்.

இரண்டு சதுரங்களின் பரப்பை ஒரே சதுரமாக்கும் வழி போதாயனருடைய நூலில் இருக்கிறது. பெரிய சதுரத்திலிருந்து, சின்னச் சதுரத்தின் பக்கத்தை அகலமாகக் கொண்ட ஒரு செவ்வகத்தைக் குறி. அதன் மூலைவிட்டம்தான் புதிய சதுரத்தின் பக்கம் என்று அது சொல்கிறது. பள்ளியில் பிதாகரஸ் பெயரில் படிக்கும் உண்மை அது. செவ்வகத்தைச் சதுரமாக்கவும் வழி உண்டு: ஒன்பதுக்கு நாலு செவ்வகத்தை அவர்கள் முறைப்படி நறுக்கி மூலையில் திருப்பி வைத்தால், ஆறரைச் சதுரத்தில் ஒரு மூலையில் இரண்டரைச் சதுரம் குறையும் வடிவம் வரும். 42.25இல் 6.25 போனால் 36. பக்கம் ஆறு.

இரண்டு சதுரத்தை ஒரே சதுரமாக்குவதை உங்கள் கையாலேயே செய்யுங்கள். இரண்டாம் தாளில் 8 சென்டிமீட்டர் சதுரமும் அதை ஒட்டி வலப்பக்கம் 6 சென்டிமீட்டர் சதுரமும் ஒரே அடிக்கோட்டில் நிற்கின்றன. இரண்டையும் பிரிக்காமல் ஒரே துண்டாக வெட்டி எடுங்கள். அடிக்கோட்டில் இடது முனையிலிருந்து 6 சென்டிமீட்டரில் ஒரு புள்ளி வையுங்கள். பெரிய சதுரத்தின் இடது மேல் மூலையிலிருந்து அந்தப் புள்ளிக்கு ஒரு வெட்டு. புள்ளியிலிருந்து சின்னச் சதுரத்தின் வலது மேல் மூலைக்கு ஒரு வெட்டு. இரண்டு முக்கோணம் கழன்று வரும். இரண்டுமே 6, 8, 10. ஒன்றை மேலே, ஒன்றைப் பக்கத்தில் திருப்பி வைத்துப் பாருங்கள்... ஆம், அங்கே ஒரு பெண் பிள்ளை வைத்துவிட்டாள், தூக்கிக் காட்டு அம்மா. 10 சென்டிமீட்டர் சதுரம்! 64உம் 36உம் 100. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த சாபித் இப்னு குர்ரா இந்த வெட்டைக் காட்டியிருக்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நம் பாஸ்கரர் நாலு முக்கோணமும் நடுவே ஒரு சிறு சதுரமும் வைத்து இதே உண்மையை வேறு வழியில் காட்டினார். கட்டடம் கட்டும் கொத்தனார் கடைக்காலில் மூலைமட்டம் பார்க்க நூலில் மூன்று, நாலு, ஐந்து என்று குறித்துக்கொள்வதும் இதே குடும்பம்தான்.

வட்டத்துக்கும் நம்மிடம் ஒரு வெட்டு உண்டு. காரி நாயனாரின் கணக்கதிகாரம் வட்டத்தின் பரப்புக்குச் சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கச் சொல்கிறது. நமக்கு இப்போது பழகிய வாய்பாட்டைவிட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது. காரணம், இதில் வெட்டு தெரிகிறது. வட்டத்தை மெல்லிய கூறுகளாக நறுக்கி, பாதியை மேல்நோக்கியும் பாதியைக் கீழ்நோக்கியும் பல்லோடு பல் கோத்து வைத்தால் ஒரு செவ்வகம்போல வரும். நீளம் பாதிச் சுற்றளவு, உயரம் பாதி விட்டம். கேரளத்தின் ஜ்யேஷ்டதேவர் 1530ஐ ஒட்டி மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை இதை இப்படியே விளக்குகிறது. தாய்மொழியில் கணிதக் காரணங்களைச் சொன்ன நூல் அது.

அடுத்து நம் சென்னை மாகாணத்து மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். பெயர் டி. சுந்தர ராவ். வருவாய்த் துறையில் டெப்டி கலெக்டர். பகலெல்லாம் நிலமும் வரியுமாக இருந்த ஒருவர், காகிதத்தை மடித்தே வடிவியலைக் கற்பிக்கும் ஓர் ஆங்கில நூலை எழுதினார். 1893இல் சென்னை அடிசன் கம்பெனி அதை வெளியிட்டது. மழலையர் பள்ளிக்காக ஃப்ரோபெல் வகுத்த காகித மடிப்புப் பயிற்சியைப் பார்த்து அவருக்குத் தோன்றிய எண்ணம் அது. கவராயமும் அளவுகோலும் இல்லாமல் சதுரம், முக்கோணம், ஐங்கோணம் என்று மடித்து மடித்து, கூம்பு வெட்டு வளைவுகள் வரை போகிறார். ஜெர்மனியின் பெரும் கணித மேதை ஃபீலிக்ஸ் க்ளைன் தம் நூலில் இதைக் குறிப்பிட்டார். அதைப் படித்து ஈர்க்கப்பட்ட அமெரிக்கப் பேராசிரியர்கள் பீமன், ஸ்மித் இருவரும் 1901இல் சிகாகோவில் மறுபதிப்புக் கொண்டுவந்தார்கள். இன்றும் அச்சில் கிடைக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? ராமானுஜனைக் கொண்டாடும் மாநிலத்தில் சுந்தர ராவின் மடிப்புகள் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியின் மேசையிலும் இருந்திருக்க வேண்டும். இது என் மனக்குறை.

புதிர்க்காரர்கள் பக்கம் வருவோம். எந்த நேர்கோட்டு வடிவத்தையும், அதே பரப்புள்ள எந்த நேர்கோட்டு வடிவமாகவும் எண்ணிவிடக்கூடிய துண்டுகளில் மாற்ற முடியுமா? முடியும் என்று 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மூன்று பேர் தனித்தனியே கண்டார்கள்: ஸ்காட்லாந்தின் வில்லியம் வாலஸ், ஹங்கேரியின் ஃபார்கஷ் போயாய், பிரஷ்யப் படை அதிகாரி கெர்வீன். வழியும் நமக்கு இப்போது புதிதில்லை. வடிவத்தை முக்கோணங்களாக வெட்டு. முக்கோணத்தின் இரு பக்க நடுப்புள்ளிகளை இணைத்து வெட்டி, மேலே வரும் குட்டி முக்கோணத்தை உச்சியிலிருந்து செங்குத்தாகப் பிளந்து, இரண்டு துண்டையும் பக்கவாட்டில் சுழற்றி இறக்கினால் செவ்வகம். செவ்வகத்தைச் சதுரமாக்கு. சதுரங்களை இரண்டிரண்டாகச் சேர். அதைத்தான் சற்றுமுன் கையில் செய்தோம். இரு வடிவமும் ஒரே சதுரமாகிவிட்டால், ஒன்றின் வெட்டை மற்றொன்றின் வெட்டின்மேல் போட்டுத் திரும்பிவிடலாம்.

முடியும் என்பது தெரிந்துவிட்டதால் புதிர் தீர்ந்துவிடவில்லை. மிகக் குறைந்த துண்டில் முடிப்பது எப்படி என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹென்றி டியூட்னி 1902இல் ஒரு புதிர் போட்டார்: சமபக்க முக்கோணத்தை நாலே துண்டாக வெட்டிச் சதுரமாக்கு. அந்த நாலு துண்டையும் கீல் வைத்துச் சங்கிலியாகக் கோத்தால், ஒரு பக்கம் சுழற்றினால் முக்கோணம், மறுபக்கம் சுழற்றினால் சதுரம். மஹாகனி மரத்திலும் பித்தளைக் கீலிலும் செய்து 1905இல் ராயல் சொசைட்டியில் காட்டினார். மூன்று துண்டில் முடியுமா என்று நூறாண்டுக்கு மேல் யாருக்கும் தெரியாமலிருந்தது. துண்டைக் கவிழ்த்துப் போடாமல் மூன்றில் முடியாது என்று 2024 டிசம்பரில் எரிக் டிமைன், டோனான் கமாதா, ரியூஹெய் உயெஹரா மூவரும் நிரூபணம் வெளியிட்டார்கள். ஒரு செய்தித்தாள் புதிர், 122 ஆண்டுகள்!

ஏமாற்று வெட்டு ஒன்றையும் காட்டியாக வேண்டும். எட்டுக்கு எட்டு கட்டமிட்ட தாள், 64 கட்டம். அதை 8க்கு 3 உள்ள இரண்டு முக்கோணமாகவும், 5, 3 பக்கங்களுள்ள இரண்டு சரிவகமாகவும் வெட்டி, 13க்கு 5 செவ்வகமாக அடுக்கினால் 65 கட்டம். ஒரு கட்டம் எங்கிருந்து முளைத்தது? முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு, 0.375உம் 0.4உம். கண்ணுக்கு ஒரே கோடுபோலத் தெரியும் மூலைவிட்டத்தில் ஒல்லியான ஓர் இடைவெளி ஒளிந்திருக்கிறது. கட்டம் ஒரு சென்டிமீட்டர் என்றால், அந்த இடைவெளி அதிக அகலமான இடத்திலும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் அதன் பரப்பு மொத்தம் ஒரு முழுக் கட்டம். நிலம் வாங்கும் ஒவ்வொருவரும் இதை ஒரு தடவை வெட்டிப் பார்க்க வேண்டும் என்பேன். நீண்ட எல்லையில் ஒரு முழம் நகர்ந்தால் எத்தனை சென்ட் போகும் என்று அப்போது புரியும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பரப்பளவுப் பாடத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் வாரம் கத்தரிக்கோலும் பழைய காலண்டர் தாளும் போதும். இணைகரத்தின் ஒரு மூலையை வெட்டி மறுபக்கம் ஒட்டிய பிள்ளைக்கு அடி பெருக்கல் உயரம் மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. பரீட்சைக்கு நேரமில்லை என்பீர்கள். வெட்டிப் பார்க்காமல் போன சந்தேகத்தை எட்டாம் வகுப்பு வரை இழுத்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு ஆகும் நேரம் அதைவிடப் பெரிது.

மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. தளத்தில் எல்லாம் முடியும் என்றேனே, கன வடிவத்தில் முடியாது. கனசதுரத்தை வெட்டி, அதே கன அளவுள்ள ஒழுங்கு நான்முகியாக மாற்ற முடியுமா என்பது போன்ற கேள்வியை டேவிட் ஹில்பர்ட் 1900இல் தம் புகழ்பெற்ற பட்டியலில் மூன்றாவதாக வைத்தார். அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் அதே ஆண்டில் முடியாது என்று காட்டிவிட்டார். எத்தனை ஆயிரம் துண்டானாலும் முடியாது. விளிம்புகளில் உள்ள கோணங்கள் ஒத்துக்கொள்வதில்லை. பிரமிடின் கன அளவைக் கல்லூரிப் பாடம் நுண்கணிதம் வழியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைசித் தாளில் ஒரு கூட்டல் குறி வடிவம் இருக்கிறது. ஐந்து சமச் சதுரங்கள், நடுவில் ஒன்று, நாலு பக்கமும் நாலு. இரண்டே நேர் வெட்டு போட்டு, வரும் துண்டுகளைச் சேர்த்து ஒரே சதுரமாக்க வேண்டும். பரப்பு ஐந்து என்பதால் புதிய சதுரத்தின் பக்கம் என்னவாக இருக்க வேண்டும் என்று முதலில் யோசியுங்கள்; ஒன்றுக்கு இரண்டு செவ்வகத்தின் மூலைவிட்டத்தை அந்தக் கூட்டல் குறிக்குள் தேடுங்கள். வெட்டு இரண்டும் நடுப்புள்ளி வழியாகப் போகும். அதற்குமேல் சொல்ல மாட்டேன். கத்தரிக்கோல்கள் இந்த மேசைமேல் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும். தங்கள் தோட்டத்துப் புலப்படத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கும் பெரியவர்கள் வலப்பக்க பெஞ்சுக்கு வாருங்கள், ரோட்டு மூலையிலிருந்து கோடு எங்கே போகிறது என்று சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.